புரட்டாசியில் ராமநாதபுரம்: கண்மாய் காத்திருக்கட்டும், கடலோரம் முதலில்

கேள்வி இதுதான்: செப்டம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்துடன் மூன்று நாள் ராமநாதபுரம் வருகிறோம். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், மேலச்செல்வனூர் சரணாலயங்களைப் பார்த்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் தனுஷ்கோடி போகலாம் என்று எண்ணம். வலசைப் பறவைகள் அதற்குள் வந்திருக்குமா? எங்கே, எந்த நேரத்தில், எதை எதிர்பார்க்கலாம்?

வந்திருக்கும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். மூன்று நாளில் இரண்டரை நாளைக் கடலோரத்துக்குக் கொடுங்கள். மிச்ச அரை நாள் அந்தச் சரணாலயங்கள் இருக்கும் கண்மாய்க்குப் போதும்.

காரணம் மழை. ராமநாதபுரத்துக்குக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. புரட்டாசியில் பெரும்பாலான கண்மாய்கள் வெடித்த களிமண்ணாகத்தான் கிடக்கும். நடுவில் கொஞ்சம் குட்டை தேங்கியிருந்தால் அதிகம். சரணாலயப் படங்களில் கருவேல மரம் முழுக்க வெள்ளையாக அடைந்திருக்கும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் கண்மாய் நிறைந்த பிறகு கூடு கட்ட வருபவை. மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் அவை கூடு வைக்கும். நரியும் நாயும் காட்டுப்பூனையும் மரத்தை நெருங்காமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். குஞ்சுக்கு மீனும் அதிலிருந்துதான் வரவேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டில் நவம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை அங்கே கூட்டம் இருக்கும். செப்டம்பரில் போனால் காலிக் கூடுகளும் வெயிலும்தான்.

இந்த இடத்தில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். கண்மாயில் கூடு கட்டுபவற்றை 'வெளிநாட்டுப் பறவைகள்' என்று ஊரிலும் செய்தியிலும் சொல்வது வழக்கமாகிவிட்டது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நம் நாட்டுப் பறவைகளே. தண்ணீரைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகும், அவ்வளவுதான். எந்த அயல்நாட்டுப் பறவையும் இங்கே வந்து முட்டையிடுவதில்லை. சைபீரியாவிலிருந்து உண்மையிலேயே வருபவை உங்கள் உள்ளங்கையில் அடங்கும் உள்ளான்கள். அவற்றை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

அந்தச் சின்னப் பறவைகளின் மாதம்தான் புரட்டாசி.

வருகை நீங்கள் நினைப்பதைவிட முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகஸ்டிலேயே பவளக்காலி, சின்ன கோட்டான், மணல் உப்புக்கொத்தி ஆகியவற்றின் முதிர்ந்த பறவைகள் இறங்க ஆரம்பிக்கும். செப்டம்பரில் வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான், கல்திருப்பி, சாம்பல் உப்புக்கொத்தி, பட்டைவால் மூக்கன் என்று எண்ணிக்கை கூடும். அக்டோபரில் பழுப்புத்தலைக் கடற்காகமும் தகைவிலானும் சேற்றுப் பூனைப்பருந்தும் சேரும். பூநாரைக் கூட்டம் பெரும்பாலும் அதற்கும் பிறகு. செப்டம்பர் கடைசியில் சில பூநாரைகள் தென்பட்டால் மகிழுங்கள், அதை மட்டுமே நம்பி வராதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வருபவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. உள்ளான், உப்புக்கொத்தி இனங்களில் முந்தைய ஆண்டு பிறந்த இளம்பறவைகள் பல கோடையில் வடக்கே திரும்பாமல் இந்தச் சேற்றுப் பரப்பிலேயே தங்கிவிடும். ஜூலையில் ஐம்பது வளைமூக்கு உள்ளானைக் கண்டு 'வலசை தொடங்கிவிட்டது' என்று எழுதினால் தவறாகிவிடும். இறகைப் பாருங்கள். கோடை முழுக்க இங்கேயே இருந்தது வெளிறி, ஓரம் தேய்ந்து, சாயம் போன துணிபோல இருக்கும். வடக்கிலிருந்து இப்போது வந்த முதிர்ந்த பறவையின் மார்பில் செங்கல் சிவப்பு திட்டுத் திட்டாக மிச்சமிருக்கும், இனப்பெருக்கக் கால உடை பாதி உதிர்ந்த நிலை. இந்த ஆண்டு பிறந்த குஞ்சு செப்டம்பரில் வந்து சேரும். அதன் முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் ஓரம் கட்டியிருக்கும், மீன் செதில் அடுக்கியதுபோல. மார்பில் இளம் சந்தன நிறம். மூன்றும் ஒரே சேற்றில், பத்தடி இடைவெளியில் நிற்கும். செப்டம்பரைத் தவிர வேறு மாதத்தில் இந்த மூன்றையும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கடினம்.

வளைமூக்கு உள்ளானை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சைபீரியாவின் வட விளிம்பில், தைமிர் தீபகற்பம் போன்ற துந்திரத்தில், அதாவது மரமில்லாத உறைபனி நிலத்தில், அது முட்டையிடுகிறது. அங்கிருந்து ராமேசுவரம் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அடைகாப்பதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் ஆணுக்குப் பங்கில்லை என்பதால் ஆண் முதலில் கிளம்பிவிடும். பிறகு பெண். குஞ்சுகள் கடைசியாக, வழிகாட்ட யாருமில்லாமல் தாமாகவே வருகின்றன. துந்திரத்தில் லெம்மிங் என்ற எலி பெருகிய ஆண்டில் அங்குள்ள நரி அதைத் தின்று வயிறு நிரப்பிக்கொள்ளும், உள்ளான் குஞ்சு தப்பும். எலி குறைந்த ஆண்டில் நரி குஞ்சுகளைத் தேடும். ஆக, தனுஷ்கோடியில் நூறு வளைமூக்கு உள்ளானில் எத்தனை செதில் முதுகுக் குஞ்சுகள் என்று எண்ணினால் துந்திரத்தில் அந்தக் கோடை எப்படிப் போனது என்று ஓரளவு தெரிந்துவிடும். 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இதையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் 'அழிவாய்ப்புள்ளவை' என்ற நிலைக்கு மாற்றியது. நம் கரையில் சாதாரணமாகத் தெரியும் பறவை என்பதால் எண்ணாமல் விட்டுவிடாதீர்கள்.

இப்போது நேரம். இங்கே சூரியனைவிட ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதுதான் முக்கியம். காலை ஆறு மணிக்குப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு, நீர் ஏறியிருக்கும் நேரத்தில் போய் நின்று 'ஒன்றுமே இல்லை' என்று திரும்புகிறவர்கள் நிறைய.

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உயர வேறுபாடு ஒரு மீட்டரைத் தாண்டாது. குஜராத் கரையோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் இங்கே தரை தட்டுப்போலச் சமமாக இருப்பதால், ஒரு முழம் நீர் இறங்கினாலும் ஏக்கர் ஏக்கராகச் சேறு வெளிப்படும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் வற்றம் ஆழமாக இருக்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் நீர் ஏறுவதும் இறங்குவதும் தெரியாது. தேதியை மாற்ற முடியுமானால் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி வையுங்கள். ஓத அட்டவணையில் 'பாம்பன்' என்று தேடி எடுங்கள். தூத்துக்குடி நேரத்தையோ நாகப்பட்டினம் நேரத்தையோ வைத்துக் கணக்குப் போட்டால் தவறும். நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் ஒரு நாள் நேரம் தெரிந்தால் மற்ற இரண்டு நாளும் கைக்கணக்கு. பாம்பன் கால்வாயின் இரு புறமும் ஏற்றம் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வடபுறம் பார்த்துவிட்டுத் தென்புறம் போகும்போது கணக்கு சற்று மாறும்.

காற்றும் அட்டவணையைக் கெடுக்கும். புரட்டாசியில் இன்னும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று முழுதாக ஓயாது. தென்கடல், உள்ளூர்க்காரர்கள் சொல்லும் ஆண் கடல், கொந்தளித்துக்கொண்டிருக்கும். வடகடல், பெண் கடல், குளம்போலக் கிடக்கும். காற்று கரையை நோக்கித் தள்ளும் இடத்தில் வற்றம் முழுதாக வற்றாது. ஆகவே இந்தப் பருவத்தில் வடகடல் பக்கத்துச் சேற்றுப் பரப்பையும் காயலையும் முதலில் பாருங்கள். வாடை என்ற வடகிழக்குக் காற்று பிடித்ததும் இது அப்படியே மாறிவிடும்.

முழு வற்றத்தில் போவதும் சரியில்லை. அப்போது பறவைகள் தொலைவில், நீர் விளிம்பில், ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கியிலும் புள்ளியாகத்தான் தெரியும். வற்றம் முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து இடத்தில் உட்காருங்கள். ஏறும் நீர் அவற்றை உங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். கால் குட்டையான கொசு உள்ளான் முதலில் நகரும். அடுத்து வளைமூக்கு உள்ளான். பவளக்காலி முட்டி நனைய நிற்கும், மூக்கன் வயிறு நனையும்வரை விடாது. கடைசித் திட்டும் மூழ்கும்போது எல்லாமாகக் கிளம்பி ஒரு மணல் மேட்டிலோ உப்பளப் பாத்தியிலோ போய் ஒதுங்கும். அங்கே ஒற்றைக் காலில் நின்று தூங்கும் நேரம்தான் எண்ணுவதற்கு வசதி. ஆனால் தொந்தரவு செய்யக்கூடாத நேரமும் அதுவே.

இடங்களில் தனுஷ்கோடிச் சாலைக்கே முதல் இடம். ராமேசுவரத்திலிருந்து கோதண்டராமர் கோயில் வரை ஒரு பகுதி, அங்கிருந்து பழைய தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரை இன்னொரு பகுதி. கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத காயல்தான் உள்ளான் கூட்டத்துக்கு ஏற்றது. தமிழ்நாடு அரசு 2025 ஜூன் 5 அன்று தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பூநாரையின் பெயரால் வந்தாலும், ஆண்டின் இந்த நேரத்தில் அதனால் பாதுகாப்புப் பெறுவது உள்ளான்களும் ஆலா என்ற கடற்பறவைகளும்தான். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

வெளிச்சத்துக்கு ஒரு குறிப்பு: சாலை தென்கிழக்காகப் போகிறது. காலையில் போகும்போது வெயில் கண்ணில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழல். எனவே ஓதம் இடம் கொடுத்தால் விடிந்ததும் நிற்காமல் முனைவரை போய்விட்டு, திரும்பி வரும்போது பாருங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கால் நிறம்கூடத் தெரியும். ஒன்பது, ஒன்பதரை மணிக்குமேல் மணல் சூடேறிக் கானல் ஆடத் தொடங்கும். அதன்பின் ஸ்கோப்பை அறுபது மடங்குக்குத் திருகுவது வீண், இருபதிலேயே வையுங்கள். மாலையில் போனால் இருட்டுமுன் முனையிலிருந்து திரும்ப வேண்டும், காவலர் இருக்கவிட மாட்டார்கள்.

முனைக்கு அப்பால் தெரியும் மணல்தீடைகளுக்குப் படகு பிடித்துப் போக நினைக்காதீர்கள். கோடையில் ஆலாக்கள் முட்டையிடும் இடம் அது, நாட்டின் எல்லைப் பகுதியும்கூட. கரையில் நின்றாலே செப்டம்பரில் அந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம். பெரிய கொண்டை ஆலா வாயில் மீனோடு நிற்கும். அருகில் அதே உயரத்துக்கு வளர்ந்த, திட்டுத் திட்டான பழுப்புக் குஞ்சு, கழுத்தைக் குறுக்கிக்கொண்டு கத்திக் கேட்கும்.

இரண்டாவது இடம் வடகடல் ஓரம்: தேவிபட்டினம், திருப்பாலைக்குடி உப்பளங்கள், அதற்கும் வடக்கே காரங்காடு. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து படகும் துடுப்புப் படகும் விடுகிறார்கள். நீர் ஏறியிருக்கும் நேரத்தில்தான் உள்ளே போக முடியும். ஆகவே சேற்றுப் பரப்பு மூழ்கிய வேளைக்கு இதைப் போட்டால் நாள் வீணாகாது. குழந்தைகள் இருந்தால் இதை விடாதீர்கள். அலையாத்தி வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல நிற்பதையும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு அதை அசைத்து அசைத்து அழைப்பதையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். பறவையில் கடற்கரைக் கொக்கு, மீன்கொத்தி வகைகள், சின்ன கோட்டான் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம்.

உப்பளத்தில் செப்டம்பர் என்பது உற்பத்தியின் கடைசிக் கட்டம். உப்பு படியும் பாத்தியில் பறவைக்கு ஒன்றுமில்லை. கடல்நீரை முதலில் தேக்கும் பெரிய தேக்கங்களில் புழுவும் இறாலும் இருக்கும், அங்கே பாருங்கள். வரப்பில் நடக்கும் முன் வேலை செய்பவரிடம் கேட்டுவிடுங்கள். உங்கள் கால் பட்டு வரப்பு உடைந்தால் அவருடைய ஒரு வார உழைப்பு ஓடிவிடும்.

மூன்றாவது, மண்டபத்தை ஒட்டிய தென்கரையும் தீவுகளும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. 21 தீவுகளும் அதற்குள்தான். அதையும் சுற்றியுள்ள பெரிய கடற்பரப்பையும் சேர்த்து 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். அனுமதியில்லாமல் தீவில் இறங்குவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'ஐந்நூறு ரூபாய் கொடுங்கள், மனோலித் தீவுக்குக் கூட்டிப்போகிறேன்' என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள், பிடிபட்டால் அவருடைய படகும் போகும். குருசடைத் தீவுக்கு வனத்துறையே பாம்பன் குந்துகாலிலிருந்து படகு விடுகிறது. கச்சான் பலமாக இருந்தால் அதுவும் நிற்கும், ஆகவே முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மனோலி, முயல் தீவுகளின் சேற்றுப் பரப்பு இந்தியாவில் கரையோரப் பறவைகளுக்கு மிக முக்கியமானவற்றில் ஒன்று. பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் மண்டபம் பகுதியில் பல ஆண்டுகள் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்த இடம். பெரிய உள்ளான் போன்ற அழிவின் விளிம்பில் உள்ள பறவைகள் அங்கே இறங்குகின்றன.

அந்தத் தீவுகளின் சிறப்பு நண்டுதின்னி. அதிர்ஷ்டம் இருந்தால் தனுஷ்கோடித் திட்டுகளிலும் கிடைக்கும். சுமார் நாற்பது சென்டிமீட்டர் நீளம், வெள்ளை உடல், கறுத்த முதுகு, நீலச் சாம்பல் நிற நெடுங்கால், உடலுக்குப் பொருந்தாத தடித்த கறுப்பு அலகு. தொலைவிலிருந்து ஆலாவோ கடற்காகமோ என்று தோன்றும், காலைப் பார்த்தால் சந்தேகம் தீரும். உப்புக்கொத்திபோல நாலடி ஓடும், நிற்கும், குனிந்து பார்க்கும், ஒரே குத்து. பெரிய நண்டாக இருந்தால் உதறி உதறிக் காலைக் கழற்றிவிட்டு உடலை விழுங்கும். இது வருவது வடக்கிலிருந்து அல்ல, மேற்கிலிருந்து: பாரசீக வளைகுடா, ஓமன், செங்கடல், சோமாலியா கரைகளில் மணலில் வளை தோண்டி, வழக்கமாக ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். மண்ணின் வெப்பமே பாதி அடைகாக்கும். குஞ்சு பறக்கக் கற்ற பிறகும், இங்கே வந்து சேர்ந்த பிறகும்கூடத் தாய் தந்தையிடம் இரை கேட்கும். முதுகு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக உள்ள ஒன்று, முதிர்ந்த பறவையின் பின்னாலேயே குனிந்து குனிந்து நடந்தால் அது இந்த ஆண்டுக் குஞ்சு. அதைப் பார்த்தால் நேரத்தையும் தாய் என்ன ஊட்டியது என்பதையும் எழுதி வையுங்கள், பயனுள்ள குறிப்பு.

அடையாளம் காண்பதில் முதல் நாள் எல்லோரும் திணறுவார்கள். எல்லாம் சாம்பல், எல்லாம் ஓடுகிறது. நிறத்தை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும். அதன் கண் பெரிது, அலகு குட்டை, கண்ணால் வேட்டையாடும் பறவை. உள்ளான் தலையைத் தூக்காமல் தையல் மிஷின்போலக் குத்திக்கொண்டே போகும், அலகின் நுனியால் தடவித் தேடும் பறவை. இந்த ஒரு பிரிவைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உப்புக்கொத்தியில் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை முழுதாக ஓடினால் கெண்டிஷ் உப்புக்கொத்தி. பட்டை இல்லாமல் மார்பின் இருபுறமும் பழுப்புத் திட்டு இருந்தால் மணல் உப்புக்கொத்தி. சாம்பல் உப்புக்கொத்தி பறக்கும்போது அக்குளில் கரி பூசியதுபோல இருக்கும், பொன்னிற உப்புக்கொத்திக்கு அது கிடையாது. மூக்கன் பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை இருந்தால் கருவால் மூக்கன், இல்லையென்றால் பட்டைவால் மூக்கன். சின்ன கோட்டானின் தலையில் நாமம் போட்டதுபோல வரி உண்டு, அலகு தலையைப்போல இரண்டு மடங்கு. பெரிய கோட்டானுக்குத் தலை வெறுமை, அலகு மூன்று மடங்குக்கு மேல். அலகு மேல்நோக்கி வளைந்து, மற்றவை நடக்கும்போது தான் மட்டும் வெறிபிடித்ததுபோல ஓடினால் அது டெரக் உள்ளான்.

ஆலாவுக்கு அலகு போதும். கேரட் நிறத்தில் கனத்த அலகு காஸ்பியன், ஆரஞ்சு நிறம் சின்ன கொண்டை, பசுமஞ்சள் பெரிய கொண்டை, கறுப்பு அலகில் மஞ்சள் நுனி சாண்ட்விச், முழுக் கறுப்பும் தடிமனும் பருத்த அலகு ஆலா. மிகச் சிறிய ஆலாவில் சான்டர்ஸ் ஆலாவையும் சின்ன ஆலாவையும் இந்தப் பருவத்தில் பிரித்தே தீருவேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டில் ஒன்று என்று எழுதுவதே நேர்மையான குறிப்பு.

கரையில் ஒதுங்கிய கடற்புல் குவியலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அழுகல் நாற்றத்தால் மனிதர் ஒதுங்குவார்கள், கல்திருப்பிக்கு அதுதான் விருந்து. அலகைக் குவியலுக்கு அடியில் செருகி, மாவு உருட்டுவதுபோலப் புரட்டித் தள்ளும். அடியிலிருந்து தத்துப்பூச்சிகள் தெறிக்கும், அதைப் பொறுக்கும். பத்து மீட்டரில் அசையாமல் குந்தியிருந்தால் பொருட்படுத்தாது. 'கரையைச் சுத்தம் செய்கிறோம்' என்று பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் புல்லையும் வாரிக்கொண்டு போகும் குழுக்கள் இதை அறிய வேண்டும். பிளாஸ்டிக்கையும் அறுந்த வலைத் துண்டையும் எடுங்கள், புல்லை விடுங்கள்.

பறவை தவிர: காலையில் வடகடல் அமைதியாக இருக்கும்போது பாம்பன் பக்கம் ஓங்கில், அதாவது டால்பின், துள்ளக்கூடும். பேராமை மூச்சுவிடத் தலை நீட்டும். பங்குனி ஆமை முட்டையிடும் காலம் இதுவல்ல. ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடற்பசு இந்தக் கடலில் உண்டு, ஆனால் கரையிலிருந்து காண்பது அரிது, அதைக் காட்டுவதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒதுங்கிக் கிடக்கும் சொறி என்ற ஜெல்லி மீனைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செத்த பிறகும் கொட்டும். அக்டோபரில் வாடை திரும்பும் நாட்களில் தலைக்கு மேல் தட்டான் கூட்டம் ஒரே திசையில் போனால் நின்று கவனியுங்கள், கடல் தாண்டும் தட்டான் இனம் அது.

கருவிக்கு நிறையச் செலவு வேண்டாம். 8x42 பைனாகுலர் போதும். ஸ்கோப் யாரிடமாவது இரவல் கிடைத்தால் இந்தக் கரைக்குப் பெரிய உதவி. தனுஷ்கோடியில் காற்று மணலை வாரி அடிக்கும். ட்ரைபாடின் காலை நீட்டாமல் தாழ்த்தி வைத்து, வண்டியைக் காற்றுக்கு மறைவாக நிறுத்தி, அதன் நிழலில் உட்கார்ந்து பாருங்கள். லென்ஸில் படிந்த உப்பையும் மணலையும் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் நிச்சயம். முதலில் ஊதுபந்தால் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி, பிறகு துடையுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர் வேண்டும். கடைகள் இருக்கும் இடத்துக்கும் பறவைகள் இருக்கும் இடத்துக்கும் நடுவே நிழல் கிடையாது.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது நெருங்கிப் போவதைப் பற்றி. இருபத்தைந்து கிராம் எடையுள்ள கொசு உள்ளான் கொழுப்பையெல்லாம் எரித்துவிட்டு வந்து இறங்கியிருக்கிறது. வற்றம் தரும் சில மணி நேரத்தில் தின்றால்தான் உண்டு. படத்துக்காக ஒரு முறை விரட்டினால் அந்தத் தீனி நேரத்தில் ஒரு பங்கு போகிறது. நாய், ஜீப், ட்ரோன், பந்து விளையாட்டு என்று நாளெல்லாம் இது நடந்தால் அது இளைத்தே போகும். ஒதுங்கி நிற்கும் கூட்டத்துக்கு நூறு மீட்டர் விடுங்கள். கொத்துவதை நிறுத்தித் தலைகள் நிமிர்ந்தால், சிதறி நின்றவை நெருங்கிச் சேர்ந்தால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் வந்துவிட்டீர்கள். அப்படியே உட்காருங்கள், அல்லது வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். வண்டிக்குள்ளிருந்து பார்ப்பது பல நேரம் நடந்து போவதைவிட நல்லது, வண்டியை அவை மனிதராக எண்ணுவதில்லை. சாலையை விட்டு மணலில் மட்டும் இறக்காதீர்கள், டயர் புதைந்துவிடும். மணலிலேயே பதுங்கி நிற்கும் உப்புக்கொத்தி நசுங்கவும் கூடும்.

எண்ணும்போது பத்து பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் வைத்து, அதைக் கூட்டத்தின்மேல் அளவுகோலாக நகர்த்துங்கள். 'ஏராளம்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை, 'சுமார் 350' பயன்படும். பறவைப் பட்டியல் பதியும் ஈபேர்ட் ஆப்பில் போடுவதானால் கோதண்டராமர் காயலுக்கும் அரிச்சல்முனைக்கும் தனித்தனிப் பட்டியல் போடுங்கள். ஆராய்ச்சியாளர்கள் காலில் வண்ணக் கொடி கட்டிவிட்ட பறவை கண்ணில் பட்டால் நான்கு விஷயம் வேண்டும்: எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிறங்களின் வரிசை, எழுத்து இருந்தால் எழுத்து. இடது, வலது என்பது பறவையின் இடது வலது. அது உங்களைப் பார்த்து நின்றால் மாறிவிடும், பாதிப் பேர் இதில்தான் தவறுகிறார்கள். மங்கலானாலும் ஒரு படம் எடுத்துப் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்.

கண்மாய்க்கு ஒதுக்கிய அரை நாளைச் சக்கரக்கோட்டைக்கே கொடுங்கள், ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருக்கிறது. அதுவும் தேர்த்தங்கலும் 2025-இலும், சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இலும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டவை. காய்ந்த கண்மாயிலும் பார்க்க உண்டு: வெடித்த மண்ணில் பொன்னிற உப்புக்கொத்தியும் மஞ்சள்மூக்கு ஆட்காட்டியும், மிச்சக் குட்டையில் பொரி உள்ளானும், முன்கூட்டியே வரும் நீலச்சிறகி வாத்தும். வைகைத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தாலோ முதல் நாள் இரவு கோடை இடிமழைபோல நல்ல மழை கொட்டியிருந்தாலோ திட்டத்தை மாற்றிக் காலையிலேயே அங்கே போய்விடுங்கள். புதுத் தண்ணீர் பரவும் விளிம்பில் மண்ணிலிருந்து வெளியேறும் பூச்சிகளுக்காக ஒரே நாளில் கூட்டம் சேரும், கரையின்மேல் நின்றபடியே, வெயில் முதுகில் படும் மேற்குப் பார்வையாக, ஏழு மணியிலிருந்து பார்க்கலாம்.